டி.வி.யில் புயல் சொல்லும் வேலை: நம் பிள்ளைகளுக்கும் ஒரு வழி

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை. பெரும்பாலும் பேசியபடியே தரப்பட்டுள்ளது.)



"பொம்பளப் பிள்ளைகளுக்கு என்ன படிப்பு, என்ன வேலைன்னு நாலு வார்த்தை பேசுங்க டீச்சர்" என்று என்னைக் கேட்டார்கள். டீச்சர், நர்ஸ், போலீஸ், பேங்க். இந்த நாலும் உங்களுக்கே தெரியும். அதனால் நான் ஐந்தாவதாக ஒரு வேலையைப் பற்றிப் பேசப் போகிறேன். அந்த வேலையைச் செய்தவரை நீங்கள் எல்லோரும் வீட்டு நடுக்கூடத்தில் பார்த்திருக்கிறீர்கள். ஐப்பசி, கார்த்திகை வந்தால் டி.வி.யில் தவறாமல் வருவார். "வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு..." என்று ஆரம்பிப்பார். பிள்ளைகள் எல்லாம் "நாளைக்கு லீவு விடுவாங்களா"ன்னு வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கும். பெயரை நான் சொல்லவே வேண்டாம். ஆமாம், ரமணன் சார்தான்.

எஸ்.ஆர். ரமணன் அவர்களைப் பலர் செய்தி வாசிப்பவர் என்று நினைத்திருக்கிறார்கள். அவர் செய்தி வாசிப்பவர் இல்லை. சென்னை நுங்கம்பாக்கத்தில் உள்ள வானிலை ஆய்வு மையத்தில், புயல் எச்சரிக்கை மையத்தின் இயக்குநராக இருந்த விஞ்ஞானி. மத்திய அரசின் வானிலைத் துறையில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்துவிட்டு, 2016 மார்ச் 31ஆம் தேதி ஓய்வு பெற்றார். டி.வி.யில் நாம் பார்த்தது அவர் வேலையில் இரண்டு நிமிஷம்தான். அந்த இரண்டு நிமிஷத்துக்குப் பின்னால் ராத்திரி பகலாக ஒரு கணக்கு நடக்கிறது. அந்தக் கணக்கைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு.

முதலில் புயல் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். இட்லிப் பானை மூடியைத் திறக்கும்போது ஆவி கையைச் சுடும், இல்லையா? அந்த ஆவி நம் கையில் பட்டு மறுபடி தண்ணீராக மாறும்போது, தனக்குள் வைத்திருந்த சூட்டைக் கையில் இறக்கிவிடுகிறது. கடலிலும் இதுதான் நடக்கிறது. கடல் தண்ணீர் 26, 27 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால் ஆவி நிறைய ஏறும். மேலே போய் மேகமாகும்போது சூட்டை இறக்கும். அந்தச் சூட்டில் காற்று இன்னும் வேகமாக மேலே போகும். கீழே அழுத்தம் குறையும். குறைந்த இடத்தை நிரப்பச் சுற்றிலும் இருந்து காற்று ஓடி வரும். பூமி சுழல்வதால் அந்தக் காற்று நேராக வராமல் சுழன்றுகொண்டு வரும். சுழற்சி வளர வளர அதற்குப் பெயர் மாறும். காற்றின் வேகம் மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால் புயல். 89ஐத் தொட்டால் தீவிரப் புயல். 118ஐத் தொட்டால் மிகத் தீவிரப் புயல். டி.வி.யில் "தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம்" என்று சொல்வதெல்லாம் புயலுக்குக் கீழே உள்ள படிகள்.

"நமக்கு எதுக்கு டீச்சர் புயல்? நம்ம ஊர்ல கடலா இருக்கு?" என்று நீங்கள் கேட்கலாம். எங்க அப்பாவும் அப்படித்தான் கேட்டார். 1977 நவம்பர். நான் ஏழாம் வகுப்பு. திண்டுக்கல் அப்போது தனி மாவட்டம் ஆகவில்லை, மதுரை மாவட்டத்தில் இருந்தது. நவம்பர் 12ஆம் தேதி நாகப்பட்டினத்துப் பக்கம் ஒரு புயல் கரையைக் கடந்தது என்று ரேடியோவில் சொன்னார்கள். "நாகப்பட்டினம் எங்க இருக்கு, நாம எங்க இருக்கோம்" என்று அப்பா ரேடியோவை அணைத்துவிட்டார். அந்தப் புயலில் தமிழ்நாட்டில் 500 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். கரையைக் கடந்த புயல் அங்கேயே நின்றுவிடவும் இல்லை. காற்று குறைந்தாலும் மழையைத் தூக்கிக்கொண்டு மேற்கே வந்தது. அந்த வருஷத்து வெள்ளத்தில்தான் வேடசந்தூர் பக்கம் அழகாபுரியில் குடகனாறு அணையின் மண்கரை மேல் தண்ணீர் ஏறி அணை உடைந்தது. இங்கே இருக்கிற பெரியவர்கள் சில பேருக்கு அது நினைவிருக்கும்.

கடலை விட்டு வந்ததும் புயலுக்கு ஆவி கிடைக்காது, அதனால் காற்று தளர்ந்துவிடும். ஆனால் மேகத்தில் இருக்கிற தண்ணீர் எங்கே போகும்? சிறுமலையிலும் பழனி மலையிலும் முட்டி மேலே ஏறும்போது கொட்டித் தீர்க்கும். 2018 நவம்பர் 16ஆம் தேதி நள்ளிரவு தாண்டி நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல், அன்று காலை நம் திண்டுக்கல் வழியாகத்தான் மேற்கே போனது. கொடைக்கானல் மலையில் மரங்கள் சாய்ந்ததும், மண் சரிந்ததும், உயிர் போனதும் உங்களுக்குத் தெரியும். இழப்பு பெரிய இழப்புதான். தென்னையை இழந்த டெல்டா குடும்பங்கள் எழுந்து நிற்க வருஷக் கணக்கானது. ஆனாலும் ஒரு வித்தியாசம் உண்டு. கஜா வருவதற்கு முன்பே 80,000 பேருக்கு மேல் முகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். எந்த இடத்தில், எந்த நேரத்தில் வரும் என்று யாரோ உட்கார்ந்து கணக்குப் போட்டுச் சொன்னதால்தான் அது முடிந்தது. 1977க்கும் 2018க்கும் நடுவே செயற்கைக்கோள் வந்தது, ரேடார் வந்தது, கம்ப்யூட்டர் வந்தது. அதைவிட முக்கியமாக, அதையெல்லாம் படித்துப் புரிந்துகொண்டு சொல்கிற மனிதர்கள் வந்தார்கள்.

அவர்கள் சொல்வது தப்பாகப் போகிறதே என்று ஒரு குறை நமக்கு எப்போதும் உண்டு. "மழைன்னு சொன்னாங்க, ஒரு சொட்டு விழல. வடகம் பிழிஞ்சிருக்கலாம்." சின்னாளபட்டியில் சாயம் போட்ட சுங்குடிச் சேலையைக் காய வைக்கிறவர்களுக்கும், நிலக்கோட்டையில் மல்லிகைக்கு மருந்து அடிக்கிறவர்களுக்கும் இந்தக் கோபம் நியாயம்தான். ஆனால் அவர்கள் பயன்படுத்தும் வார்த்தைகளுக்கு ஓர் அளவு இருக்கிறது. அது நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. "ஓரிரு இடங்களில் மழை" என்றால், நூறு இடத்தில் 25 இடம் வரைக்கும்தான் பெய்யும் என்று பொருள். மீதி 75 இடம் காய்ந்து கிடந்தாலும் சொன்னது சரிதான். ஒட்டன்சத்திரத்தில் பெய்து நத்தத்தில் பெய்யாமல் போகலாம். "பெரும்பாலான இடங்களில்" என்றால் நூற்றுக்கு 75க்கு மேல். அன்றைக்கு வடகம் பிழிய வேண்டாம். "கனமழை" என்றால் ஒரு நாளில் 7 முதல் 11 சென்டிமீட்டர். "மிக கனமழை" 12 முதல் 20. "அதி கனமழை" 21 சென்டிமீட்டரும் அதற்கு மேலும். ஒரு சென்டிமீட்டர் மழை ஓர் ஏக்கரில் விழுந்தால் சுமார் 40,000 லிட்டர் தண்ணீர். அப்படியென்றால் 20 சென்டிமீட்டர் என்பது எவ்வளவு என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். குழுக் கணக்கு எழுதும் கைகளுக்கு இது பெரிய கணக்கு இல்லை.

இந்தக் கணக்குக்கு நம் மாவட்டமும் ஒரு பங்கு கொடுத்திருக்கிறது. பாட்டிமார்கள் சொல்லும் தாது வருஷப் பஞ்சம் உங்களுக்குத் தெரியும். 1876ல் ஆரம்பித்து லட்சக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோன பஞ்சம். அதற்குப் பிறகுதான், மழை ஏன் பொய்க்கிறது, சூரியனுக்கும் பருவமழைக்கும் தொடர்பு இருக்கிறதா என்று ஆராய வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. அந்த யோசனையில் பிறந்ததுதான் கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடம். 1899ல் தொடங்கியது. 1971 வரைக்கும் வானிலைத் துறையின் கீழ் இருந்தது. இன்றைக்கும் இயங்குகிறது. பிள்ளைகளைக் கொடைக்கானலுக்குக் கூட்டிப்போகிறவர்கள் படகு, பூங்காவோடு இதையும் வெளியிலிருந்தாவது காட்டுங்கள். பசியில் செத்த நம் முன்னோர்களுக்காகக் கட்டியது என்று சொல்லுங்கள்.

இப்போது ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் அன்னா மணி. 1918 ஆகஸ்ட் 23ஆம் தேதி பீர்மேட்டில் பிறந்தவர். பீர்மேடு நமக்குத் தூரம் இல்லை. தேனி, கம்பம் தாண்டிக் குமுளி ஏறினால் அந்தப் பக்கம். வசதியான குடும்பம், ஏலக்காய்த் தோட்டம் உள்ள குடும்பம். அந்த வீட்டில் பெண் பிள்ளைக்கு எட்டு வயசானால் வைரத்தோடு போடுவது வழக்கம். இந்தப் பிள்ளை "எனக்கு வைரத்தோடு வேண்டாம், கலைக்களஞ்சியப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள்" என்று கேட்டது. வாங்கியும் கொடுத்தார்கள்.

அந்தப் பிள்ளை பிறகு சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தது. பெங்களூருவில் சர் சி.வி. ராமனிடம் ஆராய்ச்சி செய்தது. என்ன ஆராய்ச்சி தெரியுமா? வைரத்துக்குள் ஒளி எப்படிப் போகிறது என்பதைப் பற்றி! காதில் போட்டுக்கொள்ளாத வைரத்தை ஆராய்ச்சிக் கூடத்தில் வைத்துப் படித்தார். ஐந்து கட்டுரைகள் வெளியிட்டும், எம்.எஸ்சி. பட்டம் இல்லை என்ற காரணத்தைச் சொல்லி அவருக்குப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் கொடுக்கவில்லை. அதற்காக அவர் நின்றுவிடவில்லை. 1945ல் உதவித்தொகையில் லண்டன் போனார். அங்கே வானிலைக் கருவிகளைப் பற்றிப் படித்தார். 1948ல் திரும்பி வந்து புனேவில் வானிலைத் துறையில் சேர்ந்தார்.

சுதந்திரம் வந்த புதிது. மழைமானி, காற்றுமானி எல்லாம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய காலம். அவற்றை இங்கேயே செய்வதற்கு, கிட்டத்தட்ட நூறு கருவிகளுக்கு வரைபடம் போட்டுத் தரப்படுத்தியது அவருடைய பிரிவு. தராசு சரியில்லை என்றால் வியாபாரம் எப்படி இருக்கும்? கருவி சரியில்லை என்றால் வானிலைச் செய்தியும் அப்படித்தான். டி.வி.யில் ஒருவர் நம்பிக்கையோடு "இத்தனை சென்டிமீட்டர்" என்று சொல்வதற்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர் இந்த அம்மா. வெயில் எவ்வளவு விழுகிறது, காற்று எவ்வளவு வீசுகிறது என்று நாடு முழுக்க அளந்து புத்தகமாகவும் போட்டார். இன்று சூரிய மின்சாரம், காற்றாலை என்று பேசுகிறோமே, அதற்கான கணக்கை அப்போதே எழுதி வைத்தார். துணைத் தலைமை இயக்குநராக உயர்ந்து 1976ல் ஓய்வு பெற்றார். 2001ல் காலமானார்.

அன்னா மணி காலத்தில் இந்தத் துறையில் பெண்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். இப்போது? ரமணன் சார் இருந்த அதே நுங்கம்பாக்கம் வளாகத்தில், சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் தலைவராக 2025ல் பொறுப்பேற்றவர் பி. அமுதா என்ற பெண் விஞ்ஞானி. புயல் வந்தால் மைக்குகளுக்கு முன்னால் வந்து பதில் சொல்கிற இடத்துக்கு ஒரு பெண் வந்துவிட்டார். இதை உங்கள் பெண்களிடம் சொல்லுங்கள்.

சரி, அந்த இடத்துக்கு எப்படிப் போவது? வழியைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். பத்தாவது முடித்ததும் பிளஸ் ஒன்னில் இயற்பியலும் கணிதமும் உள்ள பிரிவை எடுக்க வேண்டும். இது முதல் வாசல். இந்த வாசலை மூடிவிட்டால் பிறகு திறப்பது கஷ்டம். அடுத்து பி.எஸ்சி. இயற்பியல். நம் பக்கத்திலேயே காந்திகிராமப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது, பஸ்ஸில் போய் வரலாம். பட்டம் முடித்தவர்கள் வானிலைத் துறையில் அறிவியல் உதவியாளர் வேலைக்குப் போட்டித் தேர்வு எழுதலாம். பணியாளர் தேர்வாணையம் அறிவிப்பு வெளியிடும்போது தகுதியையும் மதிப்பெண்ணையும் பார்த்து விண்ணப்பிக்க வேண்டும். மேலே படிக்க விரும்பினால் கொச்சிப் பல்கலைக்கழகத்தில் வளிமண்டல அறிவியல் இருக்கிறது. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் வேளாண் வானிலை இருக்கிறது. எம்.எஸ்சி., ஆராய்ச்சிப் பட்டம் என்று போனால் விஞ்ஞானி பதவி. டி.வி.யில் தெரிவது அதற்கெல்லாம் பிறகு வருவது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வேலை ராத்திரி ஷிஃப்டு உண்டு. தீபாவளிக்கு எல்லோரும் வீட்டில் இருக்கும்போது இவர்கள் ரேடாருக்கு முன்னால் இருப்பார்கள், ஏனென்றால் நமக்குப் புயல் வருவது அந்தப் பருவத்தில்தான். சொன்ன மழை வராவிட்டால் ஊரே கேலி செய்யும். அதைத் தாங்குகிற மனசு வேண்டும். ஆர்வம் இருந்தால் அந்த மனசு வந்துவிடும். நான் வகுப்பில் பார்த்திருக்கிறேன். இடி இடித்தால் பாதிப் பிள்ளைகள் காதைப் பொத்தும். ஒன்றிரண்டு பிள்ளைகள் ஜன்னலுக்கு ஓடும். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எத்தனை விநாடி என்று எண்ணும். மூன்று விநாடி என்றால் ஒரு கிலோமீட்டர் தூரம் என்று சொல்லிக் கொடுத்தால் முகம் மலர்ந்துவிடும். ரமணன் சார் போல அலுவலகத்தில் உட்கார்ந்துதான் இதைச் செய்ய வேண்டும் என்றும் இல்லை. 'தமிழ்நாடு வெதர்மேன்' என்று பெயர் வாங்கிய பிரதீப் ஜான், வேறு வேலை பார்த்துக்கொண்டே, ஆர்வத்தால் மழைக் கணக்கைச் சேர்த்துச் சேர்த்துப் பழகியவர்.

இந்தக் கூட்டமைப்பில் ஒரு குழு உறுப்பினரின் மகள் இப்போது பிளஸ் டூ படிக்கிறாள். ஜன்னலுக்கு ஓடுகிற பிள்ளை. பி.எஸ்சி. இயற்பியல்தான் படிப்பேன் என்கிறாள். அந்த அம்மா என்னிடம் கேட்டார்: "பிசிக்ஸ் படிச்சு என்ன டீச்சர் ஆகப்போகுது? மூணு வருஷம், அப்புறம் ரெண்டு வருஷம். அந்தக் காசுக்கு ரெண்டு பவுன் எடுத்து வச்சா நாளைக்குக் கட்டிக்கொடுக்க உதவுமே." பெயர் சொல்லமாட்டேன். அவர் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. புருஷன் துணை இல்லாமல், நூறு நாள் வேலையும் இரண்டு ஆடும் வைத்துக்கொண்டு பிள்ளை வளர்ப்பவர் அப்படித்தான் கேட்பார். பவுன் கண்ணுக்குத் தெரியும், அவசரத்துக்கு அடகு வைக்கலாம். படிப்பை அடகு வைக்க முடியாதுதான்.

ஆனால் ஒன்றை யோசியுங்கள். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் அரசு முன்பு தாலிக்குத் தங்கம் கொடுத்துக்கொண்டிருந்தது. 2022ல் அதே பெயரில் அதைப் படிப்புக்கு மாற்றினார்கள். புதுமைப் பெண் திட்டம். அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கில் வருகிறது. அரசாங்கமே தங்கத்தை விட்டுப் படிப்புக்கு வந்துவிட்டது. பஸ் செலவுக்கும் புத்தகத்துக்கும் அது உதவும். மீதிக்கு நாம் இருக்கிறோம். மாட்டுக்குக் கடன் கொடுக்கிறோம், தையல் மெஷினுக்குக் கொடுக்கிறோம், வளைகாப்புக்கும் காதுகுத்துக்கும்கூடக் கொடுக்கிறோம். அறிவியல் படிக்கும் பெண் பிள்ளைகளுக்கென்று குறைந்த வட்டியில், படிப்பு முடிந்த பிறகு திருப்பித் தரும் ஒரு கடனைத் தனியாக ஒதுக்கத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டும் என்று இந்த மேடையில் கேட்டுக்கொள்கிறேன். மே மாதம் கல்லூரி விண்ணப்பம் வந்துவிடும். அதற்குள் முடிவு தெரிந்தால் அந்தப் பிள்ளைக்கு உதவும்.

இரண்டாவது வேண்டுகோளுக்குக் காசே வேண்டாம். ஒவ்வொரு ஊரிலும் ஒரு குழு மழைக் கணக்கு எழுதட்டும். அடியும் வாயும் ஒரே அகலமாக உள்ள நேர்ச்சுவர் டப்பா ஒன்றை எடுத்து, மரமோ கூரையோ மறைக்காத வெட்டவெளியில், சாயாமல் வையுங்கள். தினம் காலை எட்டரை மணிக்கு ஸ்கேலால் அளந்து, நோட்டில் எழுதிவிட்டுத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். வானிலைத் துறையும் காலை எட்டரை மணிக்குத்தான் அளக்கிறது. மழை இல்லாத நாளில் பூஜ்யம் என்று எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் அது பூஜ்யம் ஆகாது, விடுபட்ட தவணை போலத்தான். அளக்கும் வேலையைப் பள்ளிக்கூடம் போகும் பெண் பிள்ளையிடம் கொடுங்கள். இரண்டு வருஷம் எழுதினால் எந்த வாரம் வெங்காயம் நடலாம், எந்த வாரம் வடகம் போடலாம் என்று உங்கள் ஊர்க் கணக்கே உங்களிடம் இருக்கும்.

கடைசியாக, எச்சரிக்கை வந்தால் அதை வாங்கிக் கொடுக்கும் கை நாம்தான். நுங்கம்பாக்கத்தில் சொல்வது டி.வி. வரைக்கும் வரும், போன் வரைக்கும் வரும். கண் தெரியாத பாட்டிக்கும், ஓடைக்கரையில் குடிசை போட்டிருக்கும் குடும்பத்துக்கும், காட்டு வேலைக்குப் போனவளுக்கும் அது போய்ச் சேர ஒருவர் நடந்துபோய்ச் சொல்ல வேண்டும். இடி மின்னலுக்கு 'தாமினி' என்ற செயலி இருக்கிறது. குழுவில் ஒருவர் போனிலாவது இருக்கட்டும். வேலைத்தளத்தில் இடி கேட்டால் மரத்தடியில் ஒதுங்காமல் கட்டடத்துக்குள் போகச் சொல்லுங்கள். வெள்ளம், காற்று என்றால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. இந்த எண்ணைக் குழு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

வரும் ஐப்பசிக்குள் எத்தனை ஊரில் மழை நோட்டு தொடங்கியிருக்கிறது என்று பார்க்க நானே வருவேன். யாராவது ஒரு பிள்ளை அளந்து காட்டினால் போதும், டீ கூட வேண்டாம்.